பிரபல டாக்டரும் பிரபல ரவுடியும்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதமும் அதனுடன் வைத்திருந்த அழைப்பிதழும் கிடைத்தன. அழைப்பிதழைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒளிப்பானேன்? பிறகு கடிதத்தை முழுதாகப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

34 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சருக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா. பழைய மாணவர்கள் எல்லோரும் காசு போட்டு 500 அழைப்பிதழ் அடித்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். தமிழில் 'கண்டிப்புக்குப் பேர்போன எங்கள் கணக்கு டீச்சர்' என்று இருக்கிறது. அருமை. அதையே ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. 'ஃபேமஸ்' என்று போட்டால் சப்பென்று இருக்கிறதே என்று யோசித்து, எங்கோ படித்த ஞாபகத்தில் 'நொட்டோரியஸ்' என்று போட்டுவிட்டீர்கள்.

முதல் அழைப்பிதழ் டீச்சருக்கே. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்த ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, "டிக்‌ஷனரியைப் பார்த்துட்டு வா" என்று உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. எட்டாம் வகுப்பில் நீங்கள் மைனஸ் குறியை விட்டபோதெல்லாம் எப்படி வட்டம் போடுவாரோ அப்படியே போட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்களும் பார்த்தீர்கள். உங்கள் கையடக்க அகராதியில் 'நன்கு அறியப்பட்ட' என்பதுதான் முதல் பொருள். "அப்புறம் எங்கே சார் தப்பு?" என்பது உங்கள் கேள்வி.

அகராதி சொன்னது சரி. டீச்சர் போட்ட வட்டமும் சரி. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாகும் என்று சொல்லத்தான் இத்தனை நீளக் கடிதம்.

முதலில் உங்களுக்கு ஓர் ஆறுதல். தப்பு உங்கள் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. நம் தமிழில் தொடங்கியது. நான் ஒரு நாளிதழில் இரவுப் பணி பார்த்த காலம். ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்கிப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாள் ஒரு ரவுடி பிடிபட்ட செய்தி வந்தது. அவன் பெயருக்கு முன்னால் 'நொட்டோரியஸ்'. நான் மூளையைக் கசக்கி 'பெயர்கெட்ட ரவுடி' என்று எழுதினேன். பக்கத்து நாற்காலி மூத்தவர் எட்டிப் பார்த்தார். "பெயர்கெட்ட ரவுடின்னா, நல்ல பெயர் எடுத்த ரவுடின்னு ஒருத்தன் தனியா இருக்கானா?" என்று கேட்டார். என் சொல்லை அடித்துவிட்டு 'பிரபல' என்று எழுதினார். மறுநாள் பேப்பரில் 'பிரபல ரவுடி கைது' என்று வந்தது. அதற்கு நேர் கீழே கால் பக்க விளம்பரம்: பிரபல சர்க்கரை நோய் டாக்டர் நம் ஊருக்கு வருகை. ஒரே பக்கம், ஒரே சொல். படித்தவர் யாருக்கும் குழப்பம் வரவில்லை. ஊசி போடுபவர் யார், கத்தி போடுபவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

'பிரபல' என்ற வடசொல்லுக்கு மூலப் பொருள் 'வலிமை மிக்க' என்பது. தமிழில் அது 'எல்லோருக்கும் தெரிந்த' என்று ஆகிவிட்டது. தெரிந்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று அது கேட்பதில்லை. 'பேர்போன' என்பதும் அதே குணம்தான். அல்வாவுக்குப் பேர்போன திருநெல்வேலி என்கிறோம்; கடன் வாங்கித் திருப்பித் தராததற்குப் பேர்போன ஆள் என்றும் சொல்கிறோம். நம் ஊர் டவுன் பஸ் மாதிரி, டிக்கெட் எடுத்த யாரையும் ஏற்றிக்கொள்ளும் சொற்கள் இவை. ஆங்கிலத்தில் இந்த வேலைக்குத் தனித்தனி வண்டிகள் ஓடுகின்றன. தமிழில் பேர்போன டீச்சரை நீங்கள் ஆங்கிலத்தில் ஏற்றிவிட்ட வண்டியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ரவுடிகள். அவ்வளவுதான் நடந்தது.

வேடிக்கை என்னவென்றால், நொட்டோரியஸும் பிறக்கும்போது 'பிரபல' மாதிரி வெள்ளந்தியான சொல்தான். லத்தீனில் 'நோட்டுஸ்' என்றால் அறியப்பட்டது. அதிலிருந்து இடைக்கால லத்தீனில் 'நோட்டோரியுஸ்' வந்தது. எல்லோரும் அறிந்தது என்று பொருள். பிறகு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இதன் வேரைத் தோண்டினால் 'அறி' என்னும் பொருளுள்ள பழைய இந்தோ ஐரோப்பிய வேர் ஒன்றில் போய் நிற்கும். ஆங்கிலத்தின் 'நோ' என்ற வினைச்சொல் அந்த வேரில் முளைத்தது. 'நோபிள்' என்ற சொல்லும் அதில் முளைத்ததுதான். உயர்குடியில் பிறந்தவர் என்ற பொருள் ஏறுவதற்கு முன் அதற்கு 'ஊரறிந்தவர்' என்றே பொருள். சமஸ்கிருதத்தின் 'ஞா' என்ற வேரும் இதே குடும்பம். அதன் வழியாக நம்மிடம் வந்த ஞானம், விஞ்ஞானம், அஞ்ஞானம் எல்லாம் நொட்டோரியஸுக்குத் தூரத்து உறவு. ஞானியும் பிரபல ரவுடியும் சொல்லளவில் பங்காளிகள் என்றால் உங்கள் டீச்சர்கூடக் கொஞ்சம் சிரிப்பார்.

இத்தனை நல்ல குடும்பத்தில் பிறந்த சொல் எப்படிக் கெட்டது? சேர்க்கையால் கெட்டது.

இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபைக்கென்று தனிச் சட்டமும் நீதிமன்றமும் இருந்தன. ஒரு குற்றம் ஊரறிய நடந்தது என்றால் அதற்குக் குற்றம் சாட்டுபவர் வேண்டியதில்லை, சாட்சி வேண்டியதில்லை. நேரே தண்டனைக்குப் போகலாம் என்பது அந்தச் சட்டத்தின் வழக்கம். அப்படிப்பட்ட குற்றத்தைக் குறிக்க இந்தச் சொல்தான் கைகொடுத்தது. ஊருக்கே தெரிந்த நன்மையை யாரும் நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவதில்லையே! அதனால் சட்ட ஏடுகளில் இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பாவமும் குற்றமும் மட்டுமே வந்து உட்கார்ந்தன.

பிறகு 1549ஆம் ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல் வந்தது. நாட்டின் எல்லாத் தேவாலயங்களிலும் இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டமே போட்டது. அந்த நூலில் குருக்களுக்கு ஒரு குறிப்பு உண்டு. ஊரறியத் தீய வாழ்வு வாழ்ந்து சபையாரின் மனத்தைப் புண்படுத்தும் ஒருவர் நற்கருணை வாங்க வந்தால், திருந்தும்வரை அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். 'ஊரறிய' என்ற அந்த இடத்தில் ஆங்கிலத்தில் நிற்பது 'நொட்டோரியஸ்'. கவனியுங்கள், தீமையைச் சொல்ல அங்கே வேறு சொல் இருக்கிறது. இந்தச் சொல்லின் வேலை 'எல்லோருக்கும் தெரியும்' என்று சொல்வது மட்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தீயவர்களின் தோளில் கைபோட்டபடியே நின்றால் என்ன ஆகும்? ஒரு நாள் அந்தத் தீயவர் எழுந்து போய்விட்டார். அவருடைய வாசனை மட்டும் சொல்லில் தங்கிவிட்டது.

மொழியியலில் இதற்கென்றே ஒரு பார்வையைத் தந்தவர் ஜே. ஆர். ஃபர்த். ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து நடமாடுகிறது என்பதை வைத்து அறிந்துகொள்ளலாம் என்று 1957இல் எழுதினார். இவர் 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். 1934இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றிச் சிறு விளக்கம் ஒன்று எழுதினார்; ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலுக்குப் பின்னிணைப்பாக அது வந்தது. ழகரத்தோடும் றகரத்தோடும் மல்லுக்கட்டிய மனிதர் ஆயிற்றே என்று எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம். அவர் சொன்னதை நம் வீட்டுத் திண்ணை மொழியில் சொன்னால், பையனைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவன் கூட்டாளிகளைப் பார் என்பதுதான்.

சேர்க்கை சரியாக இருந்த இடங்களில் இதே சொல் கெடாமல் இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் பிறருடைய நிலத்தைப் பல்லாண்டு அனுபவித்து உரிமை கோரினால், அந்த அனுபவம் 'வெளிப்படையாகவும் நொட்டோரியஸாகவும்' இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும்படி வேலி போட்டு, உழுது, அறுத்தாரா, இல்லை ரகசியமாகச் செய்தாரா என்பதே கேள்வி. சொல்லில் வசை ஏதும் இல்லை. பிரேசிலுக்குப் போனால் இன்னும் வியப்பு. முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும் ஆழ்ந்த புலமை உள்ளவர் என்று பல்கலைக்கழகம் ஒருவருக்கு அங்கீகாரம் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த மரியாதைக்குப் போர்த்துக்கீசிய மொழியில் 'நோட்டோரியு சபேர்' என்று பெயர். ஊரறிந்த அறிவு! உங்கள் அழைப்பிதழைப் போர்த்துக்கீசியத்தில் அடித்திருந்தால் டீச்சரின் சிவப்புப் பேனா பையிலேயே தூங்கியிருக்கும்.

இப்படிச் சேர்க்கையிலும் கிண்டலிலும் கெட்ட சொல் ஆங்கிலத்தில் வேறும் உண்டு. 'இக்ரீஜியஸ்' என்பதற்கு லத்தீனில் 'மந்தையிலிருந்து தனித்து நிற்பது' என்று பொருள். ஆட்டு மந்தையில் ஓர் ஆடு மட்டும் தனியாகத் தெரிகிறது என்றால் அது சிறந்த ஆடு என்று ரோமானியர் நினைத்தார்கள். ஆங்கிலத்திலும் முதலில் 'மிகச் சிறந்த' என்றே பொருள். குத்தலாகச் சொல்லிச் சொல்லியே அது தலைகீழாகி, இன்று 'படுமோசமான' என்ற பொருளில் நிற்கிறது. பெருந்தவறு, அப்பட்டமான அநீதி, இவற்றுக்குத்தான் இப்போது அந்த அடைமொழி. ஆனால் இத்தாலியில் அதே சொல் கௌரவமாக வாழ்கிறது. முன்பின் தெரியாத பெரியவருக்கு இத்தாலியர் எழுதும் கடிதம் 'எக்ரேஜியோ' என்று தொடங்கும். இந்தக் கடிதத்தை நான் இத்தாலியில் இருந்து எழுதியிருந்தால் உங்களை அப்படித்தான் விளித்திருப்பேன். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் பார்த்தால் சண்டைக்கு வருவார்.

நமக்கு இது புதிதா என்ன? 'நாற்றம்' என்றால் பழந்தமிழில் நறுமணம். பூவின் நாற்றம் என்று புலவர் எழுதினால் அது பாராட்டு. இன்று பூக்கடைக்காரரிடம் "என்னங்க, பூ நாறுதே" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லின் பிறப்புச் சான்றிதழைக் காட்டினாலும் அவர் சமாதானமாக மாட்டார். பிறப்பு ஒன்று, வளர்ப்பு ஒன்று. பேச்சில் செல்லுபடியாவது வளர்ப்புதான்.

சரி, நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய 'ஃபேமஸ்' கதை என்ன? அது நேர் எதிர்த் திசையில் நடந்து வந்த சொல். லத்தீனில் 'ஃபாமா' என்றால் பேச்சு, ஊர்ப்பேச்சு, வதந்தி, அப்புறம்தான் புகழ். 'ஃபாரி', அதாவது 'பேசு' என்ற வினையில் பிறந்தது. அதே வினையில் பிறந்தவை ஆங்கிலத்தில் ஏராளம். 'இன்ஃபன்ட்' என்றால் பேசத் தெரியாதது, கைக்குழந்தை. 'ஃபேட்' என்றால் தெய்வம் பேசி முடித்தது, விதி. 'ஃபேபிள்' என்றால் பேசப்படும் கதை. ஆக ஃபேமஸ் என்பவர் ஊர் வாயில் விழுந்தவர். ரோமானியக் கவிஞர் வர்ஜில் இந்த ஃபாமாவை ஒரு பெண் பூதமாகவே வரைந்திருக்கிறார். உடம்பு முழுக்கச் சிறகு. ஒவ்வொரு சிறகுக்கும் அடியில் ஒரு கண். அத்தனை வாய், அத்தனை நாக்கு, அத்தனை காது. தொடக்கத்தில் சின்னதாகப் பயந்து நிற்கும். போகப் போக வளர்ந்து தலையை மேகத்துக்குள் நுழைத்துவிடும். இரவில் தூங்காமல் பறக்கும், பகலில் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து வேவு பார்க்கும். படித்தபோது எனக்கு நம் அகப்பாடல்களின் 'அம்பலும் அலரும்' நினைவுக்கு வந்தன. நாலு பேர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல். அது மலர்ந்து ஊருக்கே தெரிந்தால் அலர். வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ரோமானியருக்கு ஊர் வாய் பூதம், நமக்குப் பூ. வளரும் விதம் இரண்டுக்கும் ஒன்று.

இந்த ஃபாமாவிலிருந்து வந்த 'ஃபாமோசுஸ்' என்ற லத்தீன் சொல் பெரும்பாலும் கெட்ட பொருளிலேயே புழங்கியது. 'பேச்சுக்கு ஆளான' என்ற பொருள். 1605இல் இங்கிலாந்தில் ஓர் அவதூறு வழக்கு. இறந்துபோன பேராயர் ஒருவரைப் பழித்து எழுதிய பாடல் பற்றியது. சட்ட வரலாற்றில் அந்த வழக்குக்கு 'லிபெல்லிஸ் ஃபாமோசிஸ்' என்று பெயர். பெயரைப் பார்த்துப் 'புகழ்பெற்ற சிறு நூல்கள்' என்று நினைத்தால் ஏமாந்தோம். பெயரைக் கெடுக்கும் எழுத்துகள் என்பதே பொருள். அவதூறைக் குறிக்க இன்று ஆங்கிலத்தில் உள்ள 'லைபல்' என்ற சொல் அந்தச் 'சிறு நூலில்' இருந்து வந்ததே.

ஆக, கெட்ட பொருளில் புழங்கிய ஃபேமஸ் நல்ல பொருளுக்குப் போய்ச் சேர்ந்தது. நடுநிலையில் தொடங்கிய நொட்டோரியஸ் கெட்ட பொருளில் போய் விழுந்தது. எதிரெதிரே வந்த இரண்டு ரயில்கள் ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஒன்றையொன்று கடந்து போன மாதிரி.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அடுத்த முறை நீங்கள் அதில் வழுக்கி விழக்கூடாதே என்று சொல்கிறேன்: 'இன்ஃபேமஸ்'. 'வேல்யுவபிள்' என்றால் மதிப்புள்ளது. 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பிட முடியாத அளவு மதிப்புள்ளது. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'இன்ஃப்ளேமபிள்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். தீப்பிடிக்காது என்றா பொருள்? அங்கே முன்னால் வரும் 'இன்' மறுப்பு அல்ல, 'உள்ளே' என்பதைக் குறிக்கும் வேறு 'இன்'. இதையெல்லாம் பார்த்துவிட்டு, இன்ஃபேமஸ் என்றால் ஃபேமஸுக்கும் ஒரு படி மேலே என்று நினைப்பவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் உண்டு. 1986இல் வந்த 'த்ரீ அமிகோஸ்' என்ற படத்தின் கதையே இந்தத் தப்பில்தான் நகர்கிறது. கொள்ளைக்காரன் தொல்லை தாங்காமல் ஒரு மெக்சிகோ கிராமத்துப் பெண் தந்தி கொடுக்கிறாள். காசு பற்றாததால் தந்திக்காரர் வாசகத்தைச் சுருக்கிவிடுகிறார். தந்தியை வாங்கிய ஊமைப்பட நடிகர்கள் மூவரும் அதில் கொள்ளைக்காரன் பெயருக்கு முன் 'இன்ஃபேமஸ்' இருப்பதைப் பார்த்து, ஃபேமஸைவிடப் பெரியவர், யாரோ பெரிய நடிகர்போல என்று முடிவு கட்டிப் புறப்பட்டுவிடுகிறார்கள். போன இடத்தில் பறந்தவை நிஜக் குண்டுகள். ஒரு முன்னொட்டுக்கு இப்படியும் விலை உண்டு.

இன்ஃபேமஸில் இருப்பது அசல் மைனஸ் குறி. ரோமாபுரிச் சட்டத்தில் 'இன்ஃபாமியா' என்று ஒரு நிலை உண்டு. குடிமகனுக்குரிய கௌரவத்தையும் சில உரிமைகளையும் இழந்த நிலை. மேடையேறும் நடிகர்களும் மல்லுக்கு நிற்கும் கிளாடியேட்டர்களும் அந்த நிலையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். அரங்கம் நிறைந்த கூட்டம் ஒருவனின் பெயரைச் சொல்லிக் கூவும். சட்டம் அவனைப் பெயரற்றவன் என்று சொல்லும். புகழும் இகழும் ஒரே ஆளின் முதுகில் ஏறியிருந்த காலம் அது.

அந்தச் சொல்லின் கனம் தெரிய வேண்டுமானால் ஒரு தட்டச்சுத் தாளைப் பார்க்க வேண்டும். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ள் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டது. அன்று மாலையே அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தம் செயலாளரை அழைத்து, மறுநாள் பேச வேண்டியதைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். தட்டச்சு செய்து வந்த முதல் வரைவில், இந்த நாள் உலக வரலாற்றில் நிலைக்கும் என்று இருந்தது. ரூஸ்வெல்ட் 'உலக வரலாறு' என்ற சொற்களைக் கையால் அடித்துவிட்டு, மேலே 'இன்ஃபமி' என்று எழுதினார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. வரலாற்றில் நிலைக்கும் என்றால் வெறும் தகவல். இழிவில் நிலைக்கும் என்றால் தீர்ப்பு. மறுநாள் அவர் பேசியது சில நிமிடங்கள்தான். அமெரிக்கா போருக்குள் இறங்கிவிட்டது. பாருங்கள், அவர் கையிலும் ஒரு பேனா.

இன்ஃபேமஸ், நொட்டோரியஸ் இரண்டும் கெட்ட பெயர்தானே, எப்போது எது என்று அடுத்துக் கேட்பீர்கள். இரண்டும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கும். ஆனாலும் என் காதுக்கு எட்டிய வேறுபாடு இது. வரலாற்றில் ஆறாத வடுவாக நிற்கும் ஒன்றுக்கு இன்ஃபேமஸ் பொருந்தும். 1919 ஏப்ரல் 13 ஜாலியன்வாலாபாக் படுகொலை அப்படி. திரும்பத் திரும்பத் தொல்லை தரும் பழக்கத்துக்கு, ஊரே முனகும் ஒன்றுக்கு நொட்டோரியஸ் பொருந்தும். அதற்குக் குற்றவாளி ஆள் தேவையில்லை. நேரத்துக்கு வராத ரயில், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதை, பதில் வராத அலுவலகத் தொலைபேசி, எல்லாவற்றுக்கும் சொல்லலாம். 'மிகக் கடினமான கணக்கு' என்பதற்கு முன்னால் 'நொட்டோரியஸ்லி' என்று போட்டால் கணக்கை யாரும் கைது செய்யப் போவதில்லை. 'கேட்டுப் பார், எல்லோரும் இதில் மாட்டியிருக்கிறார்கள்' என்று அர்த்தம்.

சொல்பவர் யார் என்பதும் கணக்கில் வரும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் போகிற இளவட்டத்துக்கு அந்தப் பாதை ஃபேமஸ். பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி போகிறவருக்கு அது நொட்டோரியஸ். பாதை ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். இந்தச் சொல்லைக் கிரீடமாகச் சூட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்த ராப் பாடகர் ஒருவர் தம் பெயரையே 'தி நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.' என்று வைத்துக்கொண்டார். 1997இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ரூத் பேடர் கின்ஸ்பர்க் என்ற நீதிபதி, வாக்குரிமை வழக்கு ஒன்றில் பெரும்பான்மைத் தீர்ப்பை எதிர்த்துக் காரசாரமாக எழுதினார். அவருக்கு அப்போது வயது 80. ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல், கழுத்தில் லேஸ் பட்டை. அதைப் படித்து உற்சாகமான சட்ட மாணவி ஒருவர் அவருக்கு 'நொட்டோரியஸ் ஆர்.பி.ஜி.' என்று பெயர் சூட்ட, அது டி-ஷர்ட்டிலும் காபிக் கோப்பையிலும் ஏறிவிட்டது. நீதிபதி கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கும் அந்தப் பாடகருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு, இருவரும் புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர்கள் என்று சொல்லி ரசித்தார். ரவுடிக்குரிய சொல்லை 80 வயதுப் பாட்டிக்குச் சூட்டும்போது அதன் விஷம் இறங்கி, செல்லம் ஏறிவிடுகிறது. ஆனால் அப்படி இறங்குவதற்கு, அதில் விஷம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து செய்தால் விளையாட்டு. தெரியாமல் செய்தால் சிவப்பு வட்டம்.

இப்போது உங்கள் அழைப்பிதழுக்கு வருவோம். நொட்டோரியஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதைப் போடலாம்? 'எமினென்ட்' என்றால் மேட்டில் துருத்தி நிற்பது. நீதிபதிக்கும் விஞ்ஞானிக்கும் பொருந்தும். 'இல்லஸ்ட்ரியஸ்' என்றால் வெளிச்சம் வீசுவது. முன்னோர் பட்டியலுக்கு ஏற்றது, உயிரோடு எதிரில் நிற்பவரைக் கூச வைக்கும். 'செலிப்ரேட்டட்' என்றால் மூலத்தில் கூட்டம் மொய்த்த இடம் என்று பொருள். சமையல்காரருக்கும் எழுத்தாளருக்கும் சரி. எல்லாமே உங்கள் டீச்சருக்குத் தொளதொளவென்ற இரவல் சட்டை.

'ரினவுண்ட்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதுவும் நாடறிந்த மேதைகளுக்கு உரியதுதான், அச்சில் போட நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் வேர் எனக்குப் பிடிக்கும். பழைய பிரெஞ்சில் 'நோம்' என்றால் பெயர். பெயரை மறுபடி மறுபடி சொல்வது 'ரினோமே'. புகழுக்கு இவ்வளவு எளிய விளக்கம் வேறு மொழியில் உண்டா என்று தெரியாது. உங்கள் டீச்சர் 34 வருடம் காலையில் வகுப்புக்குள் வந்ததும் முதலில் செய்த காரியம் என்ன? வருகைப் பதிவேட்டைத் திறந்து உங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். உங்கள் பெயர் இந்த உலகத்தில் தினமும் ஒரு முறையாவது சத்தமாக ஒலித்தது அவர் வாயில்தான். இப்போது முறை உங்களுடையது. அடைமொழி எதுவும் வேண்டாம். அவர் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். கீழே, கணக்கு ஆசிரியை, 34 ஆண்டுகள். அந்த எண் சொல்லாததை எந்தப் பெயரடை சொல்லிவிடும்?

500 அட்டையையும் வீணாக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பக்கத்தில் பழுதில்லை. ஆங்கிலப் பக்கத்தில் அந்த வரிமேல் ஒரு சின்னத் துண்டுத் தாளை ஒட்டிவிடுங்கள். சிவப்பு வட்டம் போட்ட அந்த ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். விழா மேடையில் உங்களைப் பேசக் கூப்பிடும்போது அதை எடுத்துக் காட்டி நடந்ததைச் சொல்லுங்கள். அப்போது, டீச்சர் கையால் குட்டு வாங்கிய உங்கள் வாயிலிருந்து நொட்டோரியஸ் என்ற சொல் வந்தால், அது விளையாட்டாகவே போய்ச் சேரும். அச்சில் ஏறக்கூடாத சொல் மேடையில் ஏறலாம். பேசும் ஆளும் கேட்கும் ஆளும் அங்கே எதிரெதிரே இருக்கிறார்கள் அல்லவா?

விழா முடிந்ததும் இந்தக் கடிதத்தையும் டீச்சரிடம் கொடுங்கள். எங்காவது வட்டம் விழுந்தால் உடனே எழுதுங்கள். திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்